சிசு மரணக் கணக்கும் கிராமப் பஞ்சாயத்தும்

நமது கிராமங்களில் கணக்குக்குக் குறைவில்லை. எத்தனை ஏக்கரில் நடவு முடிந்தது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது, ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது, கோமாரியில் எத்தனை மாடுகள் போயின என்று கேட்டால், பஞ்சாயத்து அங்கத்தினர் மட்டுமல்லர், திண்ணையில் அமர்ந்திருக்கும் எவரும் விடை கூறுவர். ஆனால், சென்ற ஆண்டில் இவ்வூரில் பிறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றுள் ஓராண்டு நிறைவைக் காணாமல் இறந்தவை எத்தனை என்று வினவினால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். மாட்டுக்கு வைத்திருக்கும் கணக்கை நாம் மகவுக்கு வைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

இக்கணக்கு ஏன் வேண்டும்? இறந்த குழந்தையை எண்ணுவதால் அது மீளப் போவதில்லை. ஆயினும், அது ஏன் இறந்தது, எந்த நாளில் இறந்தது, எங்கே இறந்தது என்பதை அறிந்தால், அடுத்துப் பிறக்கும் குழந்தையைக் காக்க வழி பிறக்கும். சிசு மரணக் கணக்கின் பயன் இது ஒன்றே. ஓர் ஊரைப் புகழ்வதற்கோ மற்றோர் ஊரை இகழ்வதற்கோ அது ஏற்பட்டதன்று. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, அக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது, ஆண்டுகள் செல்லச் செல்ல அது எவ்வாறு மாறி வந்துள்ளது, அம்மாற்றத்தை நாம் எவ்வாறு படித்தறிய வேண்டும் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

விகிதம் என்பது யாது?

ஓர் ஆண்டில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுக்கு, அவ்வாண்டில் ஒரு வயது நிறையுமுன் இறந்த குழந்தைகள் எத்தனை என்பதே சிசு மரண விகிதம் ஆகும். இறந்த சிசுக்களின் தொகையை 1,000-ஆல் பெருக்கி, பிறந்த குழந்தைகளின் தொகையால் வகுத்தால் இவ்விகிதம் கிடைக்கும். ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் ஓர் ஆண்டில் 1,400 குழந்தைகள் பிறந்து, 18 சிசுக்கள் இறந்தன என்று வைத்துக்கொண்டால், விகிதம் ஏறக்குறைய 13 ஆகும்.

வெறும் தொகையைக் கூறாது விகிதத்தைக் கூறுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். பெரிய ஊரில் 10 சிசுக்களும் சிறிய ஊரில் 5 சிசுக்களும் இறந்தால், பெரிய ஊரின் நிலைமையே மோசமானது என்று கூறிவிட முடியாது. அங்கே பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்தால்தான் ஒப்பிட இயலும். விதையின் தரத்தை அறிய விரும்பும் விவசாயி, முளைக்காத விதைகளை மட்டும் எண்ணுவதில்லை. நூறு விதைகளை ஈரச் சாக்கில் பரப்பி, அந்த நூற்றுக்கு எத்தனை என்றே எண்ணுகிறார். முறை இங்கும் அதுவே.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. 'உயிருடன் பிறந்த' என்னும் சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பிறந்தபின் ஒரே ஒரு மூச்சு விட்டாலும், இதயம் சிறிது நேரமே துடித்தாலும், அக்குழந்தை உயிருடன் பிறந்த குழந்தையே. அது சில நிமிடங்களில் இறப்பின், ஒரு பிறப்பு, ஒரு இறப்பு என இரண்டையும் பதிய வேண்டும். ஆனால், இத்தகைய குழந்தையை 'இறந்தே பிறந்தது' என்று எழுதிவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்து வந்துள்ளது. அவ்வாறு எழுதினால் அக்குழந்தை சிசு மரணக் கணக்கிலிருந்தே நழுவிவிடுகிறது. விகிதம் குறைந்து காணும், குழந்தை பிழைத்திராது.

கணக்கு வந்த வழி

ஜனன மரணப் பதிவு நமது நாட்டுக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டிலேயே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கிராமத் தலைமை அதிகாரி அதற்குரிய ரிஜிஸ்தரை வைத்து எழுதி வந்தார். எனினும், பல பிறப்புகளும் இறப்புகளும் அதில் ஏறாமலே போயின. பிறந்த சில நாட்களில் இறந்த குழந்தைகளே மிகுதியாக விடுபட்டன.

குறைபாடுள்ள அக்கணக்கே நாட்டின் நிலைமையை எடுத்துக் காட்டப் போதுமானதாக இருந்தது. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, 1937-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவின் சிசு மரண விகிதம் 162 என்றும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் அது 58 என்றும் எடுத்துக் காட்டியது. அக்குழுவின் யோசனைகளை ஒட்டியே, 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலம் முதல் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஏற்படலாயின.

சுதந்திரத்துக்குப் பின் 1969-இல் நாடு முழுமைக்குமாகப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஒவ்வொரு பிறப்பும் ஒவ்வொரு இறப்பும் 21 நாட்களுக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். வீட்டில் நிகழ்ந்தால் குடும்பத் தலைவரும், மருத்துவமனையில் நிகழ்ந்தால் அதன் பொறுப்பு மருத்துவரும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் நீக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர்; கிராமத்துப் பதிவுப் பணியும் அவர்களிடம் சேர்ந்தது.

எல்லா இறப்புகளும் பதிவேட்டில் ஏறும் வரையில் காத்திராமல், நம்பத்தக்க விகிதத்தை அறிவதற்கு மத்திய அரசு வேறொரு வழியையும் கண்டது. அதுவே மாதிரிப் பதிவுத் திட்டம். 1969-70 முதல் அது நாடு முழுவதும் நடைபெறுகிறது. அதன் முறை எளியது, ஆனால் உறுதியானது. நாடெங்கும் 8,800-க்குக் குறையாத மாதிரிப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியிலும் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது ஆசிரியர் போன்ற உள்ளூர்வாசி ஒருவர், பிறப்பு இறப்புகளை நிகழ நிகழ எழுதி வருகிறார். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை வேறொருவர் வந்து, முன்னவர் எழுதியதைப் பாராமலே, வீடுவீடாகச் சென்று விசாரித்து எழுதுகிறார். பிறகு இரண்டு கணக்குகளும் ஒத்துப் பார்க்கப்படுகின்றன. ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதது எதுவோ, அதை அந்த வீட்டுக்கே சென்று மீண்டும் சரிபார்க்கின்றனர். களத்தில் ஒருவரும் வீட்டில் ஒருவருமாக இருவர் மூட்டை எண்ணிக் கணக்கை ஒத்துக் கொள்வது போன்றது இது.

ஐம்பதாண்டு மாற்றம்

அத்திட்டத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த சிசு மரண விகிதங்கள் வருமாறு:

1971-ஆம் ஆண்டில் 113
1981-ஆம் ஆண்டில் 91
1991-ஆம் ஆண்டில் 57
2001-ஆம் ஆண்டில் 49
2011-ஆம் ஆண்டில் 22
2020-ஆம் ஆண்டில் 13

இந்தியா முழுமைக்கும் இவ்விகிதம் 1971-இல் 129 ஆகவும், 2001-இல் 66 ஆகவும், 2020-இல் 28 ஆகவும் இருந்தது. 1971-இல் நாட்டின் கிராமப்புறங்களில் 138, நகரங்களில் 82 என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கிராமத்தில் பிறப்பதே குழந்தைக்கு ஓர் ஆபத்தாக இருந்த காலம் அது.

தமிழ்நாட்டு எண்களைப் பாருங்கள். 1971-இல் பிறந்தவற்றுள் ஒன்பதில் ஒரு குழந்தை ஓராண்டுக்குள் இறந்தது. 2020-இல் 77-இல் ஒன்று. ஆயிரம் தாய்மார்களை எடுத்துக்கொண்டால், அன்று மடியில் இழந்திருக்கக்கூடிய நூறு குழந்தைகளை இன்று அவர்கள் வளர்த்து வருகிறார்கள். இதனினும் பெரிய விளைச்சல் எந்த நிலத்திலும் கண்டதில்லை எனலாம்.

இனி, இம்மாற்றம் ஒரே சீராக நடைபெற்றதா என்று காண்போம். 1971 முதல் 1981 வரை 22 புள்ளிகள் குறைந்தன. அடுத்த பத்தாண்டில் 34 குறைந்தன. 1991 முதல் 2001 வரையிலோ 8 புள்ளிகளே குறைந்தன. அதன்பின் வந்த பத்தாண்டில் 27 புள்ளிகள் குறைந்தன. ஆகவே, மாற்றம் ஓர் ஆறு போல் ஓடவில்லை. சில காலம் விரைந்தும் சில காலம் தேங்கியும் வந்திருக்கிறது.

இதில் மற்றொரு கருத்தும் அடங்கியுள்ளது. 2011-க்கும் 2020-க்கும் இடையே 9 புள்ளிகளே குறைந்தன என்று கூறி, வேலை மந்தமாயிற்று என எண்ணிவிடலாகாது. 22-இல் 9 என்பது நூற்றுக்கு 41 ஆகும். 1971-இல் 113-இல் இருந்து 22 குறைந்ததோ நூற்றுக்கு 19 மட்டுமே. எனவே, எத்தனை புள்ளிகள் குறைந்தன என்பதோடு, இருந்ததில் எத்தனை பங்கு குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். விகிதம் தாழத் தாழ ஒவ்வொரு புள்ளியையும் குறைப்பது கடினமாகும்.

நமக்கு அண்மையில் உள்ள கேரளத்தையும் ஒப்பிட்டு நோக்கலாம். அங்கு 1971-இலேயே விகிதம் 58. அந்நிலையைத் தமிழ்நாடு அடைந்தது 1991-இல்தான். 2020-இல் கேரளத்தின் விகிதம் 6. அதாவது, 13 என்பது இறுதி எல்லை அன்று. இன்னும் இறங்கப் படிகள் உள்ளன என்பதை அது காட்டுகிறது.

மரணத்தின் முகம் மாறியது

விகிதம் குறைந்ததோடு, எக்குழந்தைகள் இறக்கின்றன என்பதும் மாறிவிட்டது. இதை உணராவிடில் பழைய மருந்தையே புதிய நோய்க்குக் கொடுப்போம்.

முற்காலத்தில் சிசுக்கள் பல வழிகளிலும் மடிந்தன. வயிற்றுப்போக்கும் சீதபேதியும், தட்டம்மையும் நிமோனியாவும் தவழும் குழந்தைகளைக் கொண்டு சென்றன. தொப்புள்கொடியைத் தூய்மையற்ற கருவியால் அறுத்ததாலும், அதன்மேல் சாம்பலும் சாணமும் பூசியதாலும் பிறந்த குழந்தைகளுக்கு ரணஜன்னி கண்டது. இவற்றுள் பலவற்றுக்கு எளிய பரிகாரங்கள் வந்தன. 1975 முதல் அங்கன்வாடிகளும், 1980 முதல் தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டமும், 1985 முதல் நாடளாவிய தடுப்பூசித் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. உப்புச் சர்க்கரைக் கரைசல் வயிற்றுப்போக்கின் கொடுமையைத் தணித்தது. கர்ப்பிணிகளுக்கு இடும் தடுப்பூசியும் தூய்மையான பிரசவமும் சேர்ந்து ரணஜன்னியை விரட்டின. 2015-இல் அந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இந்தியாவில் நீடிக்கவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இவ்வாறு தவழும் குழந்தைகளின் மரணம் குறைந்தபின், மீதி நிற்பது பிறந்த குழந்தைகளின் மரணமே. 2020-இல் இந்தியாவில் ஆயிரத்துக்கு 28 சிசுக்கள் இறந்தன. அவற்றுள் 20 முதல் 28 நாட்களுக்குள் இறந்தவை. அவற்றிலும் 15 முதல் ஏழு நாட்களுக்குள்ளேயே மறைந்தவை. குறைப்பிரசவம், எடைக் குறைவு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், தொற்று, பிறவிக் கோளாறு ஆகியனவே இவற்றுக்கு முக்கிய காரணங்கள். இவற்றைத் தடுக்கும் வேலை குழந்தை பிறந்தபின் தொடங்குவதன்று. தாயின் இரத்தசோகையைப் போக்குவதிலும், இளவயதுத் திருமணத்தைத் தவிர்ப்பதிலும், ஆபத்தான பிரசவத்தை முன்கூட்டியே அறிவதிலும் தொடங்குவது.

2001-க்குப் பின் தமிழ்நாட்டில் விகிதம் விரைந்து குறைந்ததன் காரணங்களுள் இப்பணியும் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்களை அமர்த்தி இரவும் பகலும் பிரசவம் பார்க்க வழி செய்யப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கும் மகப்பேறு உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாயாக உயர்ந்தது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. பெரிய மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவுகள் ஏற்பட்டன. 2005-06-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 88 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2015-16-இல் அது 99 ஆயிற்று. இவற்றுள் எது எத்தனை உயிரைக் காத்தது என்று பிரித்துக் கூறுதல் எளிதன்று. யாவும் சேர்ந்தே பயன் அளித்தன.

மருத்துவமனை எட்டாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு, மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டம் விடை அளித்தது. அங்கு டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகிய தம்பதியர் 39 கிராமங்களில் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். முதலில் இரண்டாண்டுகள், 1993 முதல் 1995 வரை, பிறப்பு இறப்புகளைச் செம்மையாக எண்ணினர். அதன் பின்னரே, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே கவனிக்கச் செய்தனர். குழந்தையின் உடற்சூட்டைக் காத்தல், தாய்ப்பால் ஊட்ட உதவுதல், மூச்சுத் திணறலுக்கு முதலுதவி, தொற்றின் அறிகுறியைக் கண்டு உடனே மருந்து கொடுத்தல் ஆகியவை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. இவ்வேலை நடைபெறாத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிடுகையில், மூன்றாம் ஆண்டில் பச்சிளங் குழந்தை மரணம் நூற்றுக்கு 62 வீதம் குறைந்தது. 2011 முதல் இம்முறை நாடு தழுவிய திட்டமாயிற்று. எண்ணிய பின்னரே அவர்கள் செயலில் இறங்கினார்கள். எண்ணியிருந்ததனாலேயே செயலின் பயனை அவர்களால் காட்ட முடிந்தது என்பது நாம் கொள்ள வேண்டிய பாடம்.

கணக்கு வெளிப்படுத்திய கொடுமை

சிசு மரணக் கணக்கு சில வேளைகளில் நாம் காண விரும்பாததையும் காட்டும். இயற்கையில் ஆண் குழந்தைகளே முதல் மாதத்தில் சற்று அதிகமாக இறக்கின்றன. ஆகையால் ஓர் ஊரில் பெண் சிசுக்கள் அதிகமாக இறந்தால், அதற்குக் காரணம் இயற்கையன்று, மனிதரே. 1990-களில் சேலம், தருமபுரி, மதுரை மாவட்டங்களின் சில பகுதிகளில் இந்நிலை இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில், பிறந்த சில நாட்களில் மாண்ட பெண் குழந்தைகளின் மரணத்துக்கு எதிரே 'சமூகக் காரணம்' என்று எழுதப்பட்டிருந்தது. சிசுக்கொலை என்பதற்கு அலுவலகம் இட்ட மறுபெயர் அது.

அவ்விரு சொற்களையேனும் எழுதிய செவிலியர்கள் நாட்டுக்குப் பேருதவி செய்தவர்கள். அவர்கள் எழுதியதனால் எந்த ஒன்றியத்தில், எந்தக் கிராமங்களில் இக்கொடுமை நடக்கிறது என்பது தெரிந்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. தருமபுரி மாவட்டத்தில் வீதி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசின. 'பேதி', 'காய்ச்சல்' என்று ஏதேனும் ஒரு பெயரை எழுதி அவர்கள் மூடியிருப்பின், இவற்றுள் எதுவும் சரியான இடத்தைச் சென்று சேர்ந்திராது.

சிற்றூரில் எண்ணைப் படித்தல்

மாநில விகிதத்தைப் படிப்பது போல ஓர் ஊரின் விகிதத்தைப் படிக்க முடியாது. 3,000 பேர் வாழும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கு ஓர் ஆண்டில் சுமார் 42 குழந்தைகள் பிறக்கக்கூடும். ஒரு சிசுவும் இறவாவிடில் விகிதம் 0. ஒன்று இறந்தால் 24. இரண்டு இறந்தால் 48. ஒரே ஒரு குழந்தையின் வாழ்வு சாவில் விகிதம் இவ்வாறு மேலும் கீழும் துள்ளுகிறது. சென்ற ஆண்டு 0, இவ்வாண்டு 24 என்று கண்டு ஊர் கெட்டுவிட்டது என்றோ, சென்ற ஆண்டு 48, இவ்வாண்டு 0 என்று கண்டு ஊர் உயர்ந்துவிட்டது என்றோ கூறுவது தவறு. ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டில் 210 பிறந்து 3 இறந்தால் விகிதம் 14. இதுவே ஓரளவு பொருளுள்ள எண். ஒன்றிய அளவிலும்கூட, ஆண்டுக்கு 18 சிசுக்கள் இறக்கும் இடத்தில், நிலைமை எதுவும் மாறாமலே அத்தொகை ஓராண்டு 10 ஆகவும் மற்றோராண்டு 26 ஆகவும் வரக்கூடும். ஒரு மழையைக் கொண்டு பருவத்தை மதிப்பிடாத விவசாயிக்கு இதை விளக்கிக் கூறத் தேவையில்லை.

இரண்டாவதாக, அளவுகோல் மாறாதிருக்க வேண்டும். ஓராண்டு பட்டணம் படியாலும் மறு ஆண்டு சின்னப் படியாலும் நெல்லை அளந்துவிட்டு விளைச்சல் கூடிற்று, குறைந்தது என்று பேசலாமா? அவ்வாறே, ஓர் ஆண்டுக்கு மாதிரிப் பதிவுத் திட்டத்தின் எண்ணையும் மற்றோர் ஆண்டுக்குப் பதிவேட்டு எண்ணையும் எடுத்து ஒப்பிடலாகாது.

மூன்றாவதாக, நமது வழக்கத்தால் வரும் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் தாய்வீடு செல்கின்றனர். நோயுற்ற குழந்தையோ மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இறக்கிறது. நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிறப்பு ஓர் ஊரிலும், இறப்பு நகரத்திலும் பதிவாகி, தாய் வாழும் கிராமத்தின் பதிவேட்டில் ஒன்றும் இராமற் போகலாம். கிராமத்துக் கணக்கைத் தாயின் இருப்பிடத்தைக் கொண்டே எழுத வேண்டும். இதற்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வைத்துள்ள கர்ப்பிணிப் பதிவேடே சிறந்த ஆதாரம். கருவுற்ற நாள் தொட்டு அவர் ஒவ்வொரு தாயையும் தொடர்ந்து வருவதால், பிரசவம் எங்கு நடந்தாலும் முடிவு அவருக்குத் தெரிந்துவிடும்.

நான்காவது கருத்தே யாவற்றினும் முக்கியமானது. கணக்குச் செம்மைப்படும்போது விகிதம் முதலில் உயர்ந்து காணும். ஓர் ஊரில் 40 பிறப்பும் 1 இறப்பும் பதிவாயின, விகிதம் 25. புதிதாக வந்த செவிலியர் வீடுவீடாக விசாரித்து, பிறந்த அன்றே இறந்த இரு குழந்தைகள் எதிலும் எழுதப்படவில்லை என்று கண்டறிந்தார் என்று கொள்வோம். இப்போது பிறப்பு 42, இறப்பு 3, விகிதம் 71. அவர் வந்ததனால் ஒரு குழந்தையும் கூடுதலாக இறக்கவில்லை. மறைந்திருந்த உண்மை வெளிவந்தது, அவ்வளவே. ஆனால் கூட்டத்தில் அவரை எழுப்பி, "உங்கள் பகுதியில் ஏன் இத்தனை மரணம்?" என்று கடிந்து கொண்டால் என்ன நேரும்? மறு ஆண்டில் எண் குறையும். குழந்தைகள் இறப்பது குறையாது. உண்மையாக எண்ணுகிறவரைத் தண்டித்து, எண்ணாதவரைப் பாராட்டும் ஊரில் ஒரு சிசுவையும் காப்பாற்ற முடியாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

மருத்துவம் பார்ப்பது பஞ்சாயத்தின் வேலையன்று. ஆனால் பஞ்சாயத்தின் துணையின்றி நடைபெறாத வேலைகள் பல உள்ளன.

முதலாவது, பதிவு. பள்ளியில் சேர்க்கவும் பிற தேவைகளுக்கும் பிறப்புச் சான்று வேண்டும். 2023 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் அதன் தேவையை மேலும் பெருக்கியுள்ளது. ஆதலால் பிறப்பைப் பதிய மக்கள் தாமே வருகின்றனர். இறந்த சிசுவின் சான்றோ எவருக்கும் எதற்கும் பயன்படுவதில்லை. துயரத்தில் உள்ள பெற்றோர் அதை நாடி வருவதுமில்லை. அங்கத்தினர் தம் வார்டில் இத்தகைய துயரம் நேர்ந்தால், ஆறுதல் கூறச் செல்லும்போதே, பிறப்பு இறப்பு இரண்டையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யத் துணை நிற்க வேண்டும்.

இரண்டாவது, ஒத்துப் பார்த்தல். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடு, சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கச் செய்யலாம். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத குழந்தை எது என்று கண்டால், விடுபட்டவை வெளிப்படும். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு பிற்பகல் போதும்.

மூன்றாவது, ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் அறிதல். விகிதத்தைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஊரில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு மரணங்களே நேரும். ஒவ்வொன்றையும் குறித்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ஆபத்தை உணர்ந்து புறப்படுவதில் தாமதம் ஏற்பட்டதா? வழியில் தாமதம் ஏற்பட்டதா? சென்ற இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் ஏற்பட்டதா? முதலாவதாயின் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். இரண்டாவதாயின், பழுதுபட்ட சாலையும் பாலமும் பஞ்சாயத்தின் பொறுப்பே. மூன்றாவதாயின், மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டும். இவ்விசாரணையில் தாயின் மீதோ செவிலியர் மீதோ பழி சுமத்துதல் கூடாது. பெற்றவளின் பெயரைக் கிராம சபையில் கூறுவதும் தகாது.

நான்காவது, முதல் மாதக் கவனிப்பு. வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர், பிறந்த 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். அவர் வந்து சென்றாரா என்று அங்கத்தினர் கேட்டறியலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தல், சேனை வைத்தல் என்று சர்க்கரை நீரோ கழுதைப்பாலோ கொடாதிருத்தல், பிறந்தவுடன் குளிப்பாட்டாமல் துணியில் பொதிந்து தாயின் மார்போடு அணைத்து வைத்தல், தொப்புளில் எதையும் பூசாதிருத்தல், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டல் ஆகியவற்றைப் பாட்டிமார்களுக்கும் மாமியார்களுக்கும் எடுத்துக் கூற வேண்டும். வீட்டில் முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும் கொதித்தாலும், மூச்சு வாங்கினாலும், சோர்ந்து கிடந்தாலும், நாள் நட்சத்திரம் பாராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கடைசியாக, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பலகை வைக்கலாம். அதில் ஆண்டு, பிறந்தவர் தொகை, அவர்களுள் ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஓராண்டு நிறையுமுன் இறந்தவர் தொகை என ஐந்து கட்டங்கள் இருந்தால் போதும், பெயர்கள் வேண்டாம். ஆண்டுதோறும் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே சென்றால், ஐந்தாண்டுகளில் அவ்வூருக்கு ஒரு வரலாறு கிடைத்துவிடும். பஞ்சாயத்துத் தலைவர்கள் மாறலாம். செவிலியர் மாற்றலாகிச் செல்லலாம். பலகை நிலைத்திருந்தால், அடுத்து வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிவார்.

மாநிலத்தின் விகிதம் 113-இலிருந்து 13-க்கு இறங்கியது ஏதோ ஓர் அலுவலகத்தில் நிகழ்ந்ததன்று. பல ஆயிரம் ஊர்களில், ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு குழந்தையாகக் காக்கப்பட்டதன் கூட்டுத்தொகையே அது. மீதியுள்ள 13-உம் அவ்வாறே, நமது ஊர்களிலேதான் குறைய வேண்டும். அடுத்த கிராம சபைக்கு வரும்போது, கடந்த ஐந்தாண்டுகளில் நம் ஊரில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனையை இழந்தோம் என்னும் இரண்டு எண்களை எழுதி எடுத்து வருமாறு பஞ்சாயத்து அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.